கணக்கில் சேராத கொக்கு

மார்ச் 4

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நான் நலம். நீங்களும் வண்டியும் நலம்தானே? வண்டியைக் கேட்கவே வேண்டாம், அதை நீங்கள் தினம் துடைத்து வைத்திருப்பீர்கள்.

நீங்கள் தங்கப்போகும் முதல் லாட்ஜில் இந்தக் கடிதம் உங்களுக்கு முன்பே போய் உட்கார்ந்திருக்கும். உங்கள் பழைய டிப்போ ஆட்கள் நல்லவர்கள். ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்கும் வெளியூர் பஸ்ஸில், அந்தப் பெரிய மீசைத் தம்பியிடம் கொடுத்தேன். "அண்ணனுக்குத்தானே அண்ணி, லாட்ஜ் வாசல்லயே கொடுத்துட்டுப் போறேன்" என்று வாங்கி, கண்ணாடிக்கு மேலே செருகிக்கொண்டார். உங்கள் பதிலையும் அவர்களிடமே கொடுங்கள். தபாலை நம்பினால் நீங்களே முதலில் வந்துவிடுவீர்கள். அப்படியாவது சீக்கிரம் வந்தால் சரி.

ஃபோனில் பேசக் கூடாதா என்று உங்கள் அக்கா என்னைக் கேட்டார். பேசினால் இரண்டாவது நிமிஷம் நீங்கள் கத்துவீர்கள், மூன்றாவது நிமிஷம் நான் வைத்துவிடுவேன். "இனிமே எதுவா இருந்தாலும் எழுதிப் போடுங்க" என்று போன தடவை நான் சொன்னது கோபத்தில்தான். ஆனால் அதுதான் நமக்குச் சரிப்படுகிறது. எழுத்தில் கத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது.

என் கோபம் இன்னும் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் சாயங்காலம் வந்து காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "வேலையை விட்டுட்டேன், போதும்" என்றீர்கள். மழை விட்டுவிட்டது என்று சொல்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக. ஓய்வுக்கு இன்னும் ஏழு வருஷம் இருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? அந்த எரிச்சலில்தான் இந்த ஊர் ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்துக்கு மாற்றல் வாங்கினேன். வருஷம் ஒன்று ஓடிவிட்டது.

இப்போது வருகிறேன் என்கிறீர்கள். சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ரயிலில் ஒரு ராத்திரிப் பயணம். ஆனால் "வண்டியை விட்டுட்டு நான் மட்டும் வரதா?" என்று ஆரம்பித்துவிட்டீர்கள். சரி, ஓட்டிக்கொண்டே வாருங்கள். அந்தக் கார் ஸ்டியரிங்கைத்தான் ஒருநாளும் என்னைத் தொட விடவில்லையே. "நான் இருக்கும்போது உனக்கு எதுக்கு?" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்.

ஒன்றே ஒன்று. இருபதாம் தேதி ஆஸ்பத்திரி நிர்வாக அலுவலர் குவார்ட்டர்ஸ் வீட்டைப் பார்க்க வருகிறார். குடும்பம் உண்மையிலேயே குடியிருந்தால்தான் இந்த இரண்டு அறை வீடு எனக்கு. நான் மட்டும் நின்றால், நர்ஸ் பிள்ளைகளோடு விடுதியில் ஒரு கட்டில். அங்கே உங்களை எங்கே வைப்பது, கட்டிலுக்கு அடியிலா? அதனால் பதினெட்டாம் தேதிக்குள் வந்து சேருங்கள். வழியில் ஒரு குளம் விடாமல் இறங்கி நிற்காதீர்கள்.

உங்கள்,
கோபம் தீராத மனைவி


மார்ச் 7

என் சலவைத் துறை மேடத்துக்கு,

உன் கடிதம் வந்தது. மேனேஜர் கொடுக்கும்போதே கவர் சுட்டது.

முதல் நாளே ஆள்காட்டி வரவேற்பு கொடுத்துவிட்டது. ஒரு வயல் ஓரத்தில் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தேனோ இல்லையோ, என் காலடியிலிருந்தே கிளம்பித் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தித் தீர்த்தது. அந்தக் குரலைக் கேட்டதும் உன் ஞாபகம் வந்தது. கோபப்படாதே, அன்பாகத்தான் சொல்கிறேன். அப்புறம் புதருக்குள்ளே செம்போத்து, பானையைத் தட்டுகிற மாதிரி ஆழமாக ஒரு குரல். தவிட்டுக்குருவிகள் வழக்கம்போல குடும்பச் சண்டை. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் வெயில் ஏறிவிட்டது.

குளத்தில் நிற்காதே என்கிறாய். இந்த ரோட்டில் நான் எத்தனை வருஷம் பஸ் ஓட்டியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். வலது பக்கம் ஒரு தாமரைக் குளம் வரும், அடுத்து ஒரு பெரிய ஏரி, அப்புறம் பாலத்துக்கு அடியில் தேங்கிய தண்ணீர். எல்லாவற்றிலும் பறவை கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். பின்னால் ஐம்பது பேரை வைத்துக்கொண்டு டிரைவர் பிரேக் போட்டுப் பறவை பார்க்க முடியுமா? ஒரு தடவை வேகத்தைக் கொஞ்சம் குறைத்ததற்கே கண்டக்டர் பெல்லைப் பிடித்து இழுத்தான். ஒருநாள் இங்கே ஆற அமர நிற்கவேண்டும் என்று அன்றைக்கே நினைத்தது. இப்போது நிற்கிறேன். யாரும் பெல் அடிக்கவில்லை, நீ ஒருத்தியைத் தவிர.

பகல் வெளிச்சத்தில்தான் ஓட்டுகிறேன், மெதுவாகத்தான் வருகிறேன். பதினெட்டுக்குள் வந்துவிடுவேன், கவலைப்படாதே.

உன்,
டிரைவர்


மார்ச் 9

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

ஆள்காட்டியா நான்? நேரில் வாருங்கள், பேசிக்கொள்கிறேன்.

காகிதம் இலவசமாகக் கிடைக்கிறதா? ஒவ்வொரு எழுத்தும் ஒரு பூசணிக்காய் அளவுக்கு இருக்கிறது. இவ்வளவு செய்திக்கு எட்டுப் பக்கம். கவர் ஒட்டாமல் வாயைப் பிளந்துகொண்டு வந்தது, வாட்ச்மேன் எல்லாவற்றையும் படித்திருப்பார். ஆள்காட்டி விஷயத்தையும்தான்.

இங்கே வேலை முதுகை முறிக்கிறது. பாய்லர் இரண்டு நாளாக நீராவி தருவதில்லை, அறுவை சிகிச்சைப் பிரிவுத் துணிகள் மலையாகக் குவிந்துவிட்டன. டாக்டர் கோட்டுப் பையில் ஒருவர் பேனாவை மூடாமல் விட்டுவிட்டார். ஒரு முழு மெஷின் போர்வையும் நீலம். அவரைக் கேட்டால், "உங்க ஆளுங்க பையைப் பார்க்கவேண்டியதுதானே" என்கிறார். அவர் பையில் நான் கையை விடவேண்டுமாம்! பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தால் அங்கேயும் கத்த ஆள் இல்லை.

வீட்டைத் தயார் செய்துவிட்டேன். கட்டிலை ஜன்னல் ஓரமாக இழுத்துப் போட்டேன். வெளியே ஒரு மரம், காலையில் ஏதோ ஒரு குருவி வந்து உட்கார்ந்து உயிரை வாங்குகிறது. பச்சை உடம்பு, நெற்றியில் சிவப்பாகப் பொட்டு. என்ன குருவி என்று தெரியும், ஆனால் நம் பறவைக் கணக்கில் சேர்க்கவில்லை. நம் சட்டம் ஞாபகம் இருக்கிறதல்லவா? "ஒருத்தர் பார்த்தா அது பேச்சு, ரெண்டு பேர் பார்த்தாத்தான் பறவை" என்று நீங்கள்தான் போட்டீர்கள். கல்யாணமான புதிதில், ஒரே பைனாகுலரை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்ற காலத்தில். ஒரு வருஷமாக நான் ஒரு பறவையும் பார்க்கவில்லை என்றுதான் இதற்கு அர்த்தம்.

உங்களிடம் காட்ட ஒன்று வைத்திருக்கிறேன். என்ன என்று எழுதமாட்டேன். நேரில் வந்தால்தான்.

தேதியைப் பாருங்கள். முதல் லாட்ஜில் ஒரு ராத்திரிதான் சொல்லியிருந்தேன். மூன்று ராத்திரி தங்கியிருக்கிறீர்கள் என்று பஸ்காரர்கள் சொல்கிறார்கள்.

உங்கள்,
ஆள்காட்டி


மார்ச் 13

என் மேடத்துக்கு,

இரண்டாவது லாட்ஜுக்கு வந்துவிட்டேன். நல்ல இடம். வாசலில் ரோடு, ரோட்டைத் தாண்டினால் கரை, கரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர்தான். நான் சொல்வேனே, அந்தப் பெரிய ஏரி. இரண்டு நாளாகக் கரையில்தான் இருக்கிறேன்.

உன்னிடம் ஒரு கொக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். தண்ணீருக்கு நடுவில் தனியாக நிற்கிறது. நேற்றுக் காலையில் போய் உட்கார்ந்தேன், மதியம் வரைக்கும் ஓர் அடி நகரவில்லை. காற்றடித்தால் உடம்பை மட்டும் லேசாகச் சிலிர்க்கிறது, மறுபடி நின்றுவிடுகிறது. மீன் வரும்போது வரட்டும் என்று அப்படி ஒரு பொறுமை. நானும் கூடவே உட்கார்ந்திருந்தேன். கோபத்தில் எதையும் கெடுத்துக்கொள்ளாமல் இப்படி நிற்கத் தெரிந்தால் நாம் இரண்டு பேரும் இந்த ஒரு வருஷத்தை வீணாக்கியிருக்கமாட்டோம் என்று தோன்றியது. உன்னைக் குத்திக் காட்டவில்லை, எனக்கும் சேர்த்துத்தான். இன்று போனேன், அதே இடத்தில் நிற்கிறது. இந்தக் கொக்கை நீ வந்து ஒருதரம் பார்த்துவிட்டால் கணக்கில் சேர்த்துவிடலாம்.

புறப்படக் கொஞ்சம் தாமதமாகிறது. காலை வெயில் எதிரே வந்து அடிக்கிறது, சாயங்கால வெயிலும் அப்படித்தான். நடுப்பகலில் ஓட்டினால்தான் சௌகரியம். நாளை மறுநாள் கிளம்பிவிடுவேன்.

என்ன வைத்திருக்கிறாய்? ஒரு குறிப்பாவது கொடு.

உன்,
டிரைவர்


மார்ச் 15

வீட்டுக்காரருக்கு,

நலம் விசாரிக்க எனக்கு இப்போது மனசில்லை.

உங்கள் கடிதத்தை மீசைத் தம்பி நேற்று நேரில் கொண்டுவந்து கொடுத்தார். வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போகிறவர், சலவைக் கூடம் வரைக்கும் வந்து நின்றார். முகம் சரியில்லை. "அண்ணன் ரொம்ப மாறிட்டார் அண்ணி" என்றார். ஏரிக்கரையில் உங்களைப் பார்த்து பஸ்ஸை நிறுத்தியிருக்கிறார். கையை ஆட்டியிருக்கிறார், நீங்கள் சும்மா நின்றீர்களாம். இறங்கிக் கிட்டே வந்து "அண்ணே"ன்னு கூப்பிட்டால் "யாருப்பா அது?" என்றீர்களாம். "என் மீசையைப் பார்த்துமா அண்ணி யாருன்னு கேட்கறார்? வேலையை விட்டா பழசெல்லாம் மறந்துடுமா?" அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம் சிரித்துக்கொண்டே இன்னொன்று சொன்னார். "வலை கட்டின இடம் தெரியறதுக்கு மீன் பிடிக்கிறவங்க ஒரு குச்சி நட்டு, அதுல வெள்ளைப் பிளாஸ்டிக் பையைக் கட்டி வெச்சிருக்காங்க. அண்ணன் பைனாகுலரை வெச்சுக்கிட்டு அந்தப் பையையே பார்த்துக்கிட்டிருக்கார். கேட்டா கொக்குங்கறார். எங்கிட்டயே கிண்டல்!"

அவர் போன பிறகுதான் உங்கள் கடிதத்தைப் பிரித்தேன். கொக்கு, காற்று, சிலிர்ப்பு, பொறுமை. படித்துவிட்டு ஒரு துணி மூட்டை மேல் உட்கார்ந்தேன்.

முதல் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். ஆள்காட்டியின் குரல் இருக்கிறது, செம்போத்தின் குரல் இருக்கிறது. அதன் இறக்கை நிறம் எங்கே? அந்தக் காவி நிறத்தைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் பேசுகிற ஆள் நீங்கள். இரண்டு கடிதத்திலும் தேடிவிட்டேன், ஒரு நிறம் கூட இல்லை. எழுத்து பூசணிக்காய் அளவு. எதிர் வெயிலில் ஓட்ட முடியவில்லை. டிப்போவில் வருஷா வருஷம் கண் பரிசோதனை வைப்பார்கள். போன வருஷம் அது முடிந்த வாரத்தில்தான் நீங்கள் காக்கிச் சட்டையை ஆணியில் மாட்டினீர்கள். நான் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன். ஒரு வருஷமாக என்னை அப்படியே நினைக்க விட்டிருக்கிறீர்கள்!

கொக்கையும் மீசையையும் விடுங்கள். மனுஷன் முகம் தெரியாமல் எப்படி ரோட்டில் வண்டியை எடுத்தீர்கள்? அந்த ரோட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கவில்லையா? சைக்கிள் போகவில்லையா? பஸ்ஸில் ஐம்பது உயிரைச் சுமந்தவருக்கு இது தெரியாதா? உங்கள் மேல் இவ்வளவு கோபம் எனக்கு எப்போதும் வந்ததில்லை. இவ்வளவு பயமும் வந்ததில்லை.

வண்டியைத் தொடக் கூடாது. சாவியை லாட்ஜ் மேனேஜரிடம் கொடுத்துவிடுங்கள். கொடுத்துவிட்டு எனக்கு எழுதுங்கள். எழுதினால்தான் நம்புவேன்.

உங்கள் மனைவி


மார்ச் 17

உனக்கு,

சாவியைக் கொடுத்துவிட்டேன். மேனேஜர் எதற்கு என்று கேட்டார், எண்ணெய் ஒழுகுகிறது என்று சொன்னேன். அது ஒரு பொய். இனிமேல் எழுதுவது எதுவும் பொய்யில்லை.

நடுவில்தான் மங்கல். ஒரு முகத்தைப் பார்த்தால் முகம் இருக்கிற இடத்தில் கஞ்சி கொட்டின மாதிரி இருக்கும், ஓரத்தில் காது தெரியும், தோள் தெரியும். கண்ணுக்கு மிகக் கிட்டே வைத்துப் பெரிய எழுத்தாக இருந்தால் படிக்கமுடிகிறது. உன் கடிதங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன், ஒவ்வொன்றுக்கும் அரை நாள் ஆனது. டாக்டர், போனது திரும்பாது, மீதி மெதுவாகப் போகும் என்றார். டிப்போவில் உட்கார்ந்தே பார்க்கும் வேலை தருவதாகச் சொன்னார்கள். டிக்கெட் கட்டு அடுக்கி வைக்கிற வேலை. நான் வேண்டாம் என்றுவிட்டேன்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். உன்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு உன் அப்பா என்னிடம், "மாப்பிள்ளை என்ன பண்றார்?" என்று கேட்டார். "டிரைவர்" என்றேன். இத்தனை வருஷத்தில் என்னிடம் சொல்லிக்கொள்ள வேறெதுவும் சேரவில்லை. கண் தெரியாதவன் என்று நீ இரக்கப்படுவதைவிடச் சோம்பேறி என்று திட்டுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

பிள்ளைகள் நடக்கிற ரோடு என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன், மேலே படிக்க முடியவில்லை. இரண்டாம் நாள் ஒரு திருப்பத்தில் ஒரு சைக்கிள் வண்டியின் பக்கக் கண்ணாடியை உரசிக்கொண்டு போனது. சத்தம் கேட்டுத்தான் எனக்குத் தெரியும். அந்தப் பையன் இறங்கி என்னைத் திட்டினான். அன்றைக்கே நிறுத்தியிருக்கவேண்டும். அதற்கப்புறமும் ஓட்டினேன். நீ என்ன திட்டினாலும் தகும்.

கண் முழுசாகப் போவதற்கு முன்னால் இந்தக் குளங்களை ஒருதரம் பார்த்துவிடவேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் ஆசை. குளங்கள் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. கொக்கு விஷயத்தில் மீசையைச் சிரிக்கச் சொல், பரவாயில்லை. ஆனால் இரண்டு நாள் அது எனக்குக் கொக்காகத்தான் இருந்தது.

பஸ்ஸில் ஏறி வந்துவிடுங்கள் என்று நீ எழுதப்போகிறாய். நேற்று நிறுத்தம் வரைக்கும் போனேன். எந்த பஸ், எந்த ஊர் என்று பலகை தெரியவில்லை. ஒருவரிடம் கேட்டேன், "அதான் இவ்ளோ பெருசா போட்டிருக்கே?" என்றார். திரும்பிவிட்டேன்.

அலுவலரிடம் நீ ஒருத்தி என்றே சொல்லிவிடு. விடுதியில் உனக்குத் துணைக்கு ஆள் இருக்கும். நான் அக்காவுக்கு எழுதி யாரையாவது வரச் சொல்லி ஊருக்குத் திரும்பிவிடுகிறேன். என்னை எதிர்பார்க்காதே. உனக்குப் பாரமாக வருவதற்கு நான் இந்தப் பயணம் கிளம்பவில்லை.

டிரைவர் என்று எழுதக் கை வரவில்லை.

உன்,
வீட்டுக்காரன்


மார்ச் 20
லாட்ஜ் வரவேற்பறை

என் வீட்டுக்காரருக்கு,

பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். மேனேஜரின் காகிதத்தை முக்கால்வாசி தீர்த்துவிட்டேன், முறைக்கிறார்.

நேற்று ராத்திரி மீசைத் தம்பியின் பஸ்ஸில் ஏறிக் காலையில் இங்கே இறங்கினேன். வழியெல்லாம் உங்களைத் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே வந்தேன். பாரமாம். அக்காவுக்கு எழுதுவாராம். உங்கள் அக்காவுக்கு எழுதத் தெரிந்தவருக்கு எனக்கு ஒரு வருஷத்தில் ஒரு வரி எழுதத் தெரியவில்லை. தம்பியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டே ஓட்டினார்.

அறையில் நீங்கள் இல்லை. கரைக்கு வந்தேன். நீங்கள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள், பைனாகுலர் மடியில் கிடந்தது. வாயைத் திறந்து கத்தப்போனேன். செருப்புச் சத்தம் கேட்டு நீங்கள் திரும்பினீர்கள். நேராக என் முகத்தைப் பார்த்தீர்கள்.

பார்த்துவிட்டு, "ஏங்க, கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா? அந்தக் குச்சிப் பக்கமா ஏதோ கத்துது. என்ன நிறம்னு சொன்னாப் போதுங்க" என்றீர்கள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை நீங்கள் ஒருநாளும் வாங்க போங்க என்று பேசியதில்லை.

நான் ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்துவிட்டேன். யாரோ திமிர் பிடித்தவள் என்று நினைத்திருப்பீர்கள். அங்கே வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன், அழுதுகொண்டே கத்தியிருப்பேன், கரையில் நாலு பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன். எதுவானாலும் எழுதிப் போடுவது என்பதுதானே நம் பேச்சு. லாட்ஜ் பையன் எதிரே ரோட்டைத் தாண்டி உங்கள் கையில் கொண்டுவந்து கொடுப்பான்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். நீல முதுகு. அடர் பழுப்புத் தலை. மார்பு வெள்ளை. அலகு நல்ல சிவப்பு, அளவுக்கு மீறிய நீளம். மீன்கொத்தி. உங்கள் கொக்கின் தலை மேலேயேதான் உட்கார்ந்திருந்தது. நீங்கள் கேட்டீர்கள், நான் பார்த்தேன். கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சட்டத்தை மாற்றிவிட்டேன், உங்களைக் கேட்கவில்லை. நீங்கள் மட்டும் என்னைக் கேட்டுவிட்டா வேலையை விட்டீர்கள்?

இன்று தேதி இருபது. இந்நேரம் அலுவலர் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார். வீடு போனது போனதுதான். ஜன்னல் ஓரம் கட்டில் போட்டேனே என்று நினைத்தால் வயிறு எரிகிறது. இந்த எரிச்சல் எனக்கு இன்னும் ஆறு மாசத்துக்குத் தாங்கும். எங்கேயாவது ஓர் அறை பிடிப்போம், அங்கே வைத்துத் தினமும் திட்டுகிறேன். இரக்கம் எல்லாம் கிடைக்காது, நம்பிக் கிளம்பலாம்.

சாவி என்னிடம் இருக்கிறது. காட்டுவதற்கு ஒன்று வைத்திருக்கிறேன் என்று எழுதினேன் அல்லவா, அது லைசென்ஸ். வாங்கி நாலு மாசம் ஆகிறது. சலவை வண்டி டிரைவர் சொல்லிக்கொடுத்தார். கியர் மாற்றும்போது பல்லைக் கடிப்பேன், மற்றபடி நன்றாக ஓட்டுவேன். குளம் வந்தால் நிறுத்துவேன். எல்லாக் குளத்திலும் நிறுத்தமாட்டேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வண்டியை ரோட்டோரம் கொண்டுவந்து நிறுத்துகிறேன். பக்கத்து சீட்டில் வந்து ஏறுங்கள். ஏறும்வரைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பேன். பறவை எல்லாம் பறந்துவிடும் என்று தோன்றினால் சீக்கிரம் வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் டிரைவர்